அம்மாவை ஆறு மணிப் பூசைக்கு அனுப்பினேன்

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு முறை, ‘நான் ஏன் திருப்பலிக்கு வருகிறேன்?’ என்று எழுதி வரச் சொன்னேன். ஒருவன், ‘வராவிட்டால் அம்மா அடிப்பார்’ என்று எழுதினான். ஒருத்தி, பூசை முடிந்ததும் எதிர்க் கடையில் பரோட்டா வாங்கித் தருவார்கள் என்று எழுதினாள். இன்னொருத்தி, ‘அன்றைக்கு மட்டும்தான் அப்பா எங்கள் பக்கத்தில் உட்காருவார்’ என்று எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட். மூன்று நோட்டிலும் சிவப்புப் பேனாவால் தவறு என்று போட்டுவிட்டு, புத்தகத்தில் இருந்த விடையைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடமும் கேட்டேன்.

“நீ எதுக்கும்மா பூசைக்குப் போற?”

அம்மா யோசிக்கவே இல்லை. “நீ வாசிக்கத பாக்கத்தான்.”

“அதெல்லாம் தப்பும்மா. சாமிக்காகப் போகணும்.”

“சாமி எங்க போயிரப் போறாரு. அங்கனயேதான இருக்காரு” என்று சொல்லிவிட்டு, என் சுடிதாரை உதறி மடித்தாள்.

அவளுக்கும் நான் மனதுக்குள் தவறு என்றுதான் போட்டேன்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் நாங்கள். முதலில் பல்லடம் அருகே ஒரு விசைத்தறிக் கூடத்தில் அம்மாவும் அப்பாவும் தறி ஓட்டினார்கள். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்தார். அதன் பிறகும் அம்மா என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தவில்லை. பிறகு திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் சேர்ந்தாள். நான் பி.காம். முடித்து ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆனேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு என் பெயரில் கடிதம் போகும். எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்க நான் ஒருபோதும் முயன்றதில்லை.

கோயிலில் வாசகம் வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்தபோது அந்தக் கர்வம் இன்னும் கொஞ்சம் கூடியது. வாசகர்களுக்குப் பயிற்சி கொடுத்த சிஸ்டர், “புத்தகத்துக்குள்ளேயே தலையை விட்டுக்கிட்டு நிக்காதீங்க. ஒரு பத்தி முடிஞ்சா நிறுத்தி, நிமிர்ந்து மக்களைப் பாருங்க” என்று சொல்லியிருந்தார். மற்றவர்கள் அதை மறந்தார்கள். நான் மறக்கவில்லை. கண்ணாடி முன் நின்று பழகினேன்.

நாங்கள் போவது ஞாயிறு எட்டு மணிப் பூசை. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில், நடுவழியை ஒட்டிய ஓரம்தான் அம்மாவின் இடம். வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால், அவர்கள் எழுந்து நகரும்வரை பக்கத்திலேயே நிற்பாள். முக்காடு போட்டுக்கொண்டு, நான் மேடை ஏறியதிலிருந்து இறங்கும்வரை வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு குறை சொல்வாள்.

“மைக்க கொஞ்சம் தாத்தி வையேன்டி. மூஞ்சியே தெரிய மாட்டேங்கு.”

“என் மூஞ்சியப் பாக்கவா எல்லாரும் வந்திருக்காங்க?”

“நான் வந்திருக்கம்லா.”

மகளின் முகத்தை ஊரே பார்க்க வேண்டும் என்ற ஆசை என்று நினைத்துக்கொண்டேன். மைக்கை இறக்கினால் பின்வரிசைக்குச் சத்தம் போகாது. ஆகவே இறக்கவில்லை.

அந்தத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. முதல் வாசகம் மிக நீளம். சனிக்கிழமையே நான்கு முறை வாசித்துப் பார்த்திருந்தேன். கோயில் நிறைந்திருந்தது. முதல் பத்தியை முடித்தேன். நிறுத்தினேன். நிமிர்ந்து மக்களைப் பார்த்தேன்.

“இறைவா உமக்கு நன்றி.”

அம்மாவின் குரல். தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல் அது. மைக் இல்லாமலேயே பீடம் வரைக்கும் வந்தது. அது வாசகம் முழுதாக முடிந்த பிறகு எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டிய பதில். கால்வாசிகூட முடியவில்லை. இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சொன்னதைக் கேட்டு, தூங்கி வழிந்துகொண்டிருந்த பெண்கள் பக்கம் பாதி, “இறைவா உமக்கு நன்றி” என்றது. இரண்டு பேர் அடுத்து பதிலுரைப் பாடல் என்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பாடகர் குழுவில் ஆர்மோனியம் ஒரு சுரம் இழுத்து நின்றது.

சாமியார் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். என் மறைக்கல்விப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மீதியை நான் நிமிராமல், மூச்சு விடாமல் வாசித்து முடித்தேன். முடிந்தபோது சொல்ல வேண்டிய பதிலை அம்மாவைத் தவிர எல்லோரும் சொன்னார்கள்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பாடகர் குழுப் பையன் ஒருவன் வந்தான். “ஏனுங் டீச்சர், அம்மாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுங்களா? பாதியிலயே முடிச்சு உட்டுட்டாங்க” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் அவன் வாயைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்கூட்டரை வேகமாக ஓட்டி வந்தேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் ஆரம்பித்தேன்.

“எத்தனை வருஷமா பூசைக்குப் போற? எங்க என்ன சொல்லணும்னு தெரியாதா?”

“நீ நிமிந்து பாத்தியே. முடிஞ்சிட்டுன்னு நெனச்சேன்.”

“முடிஞ்சா நான் சொல்ல மாட்டனா, இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்குன்னு? கவனமே இல்லாம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா இப்படித்தான். படிக்காதவ மகள்னு இன்னைக்கு எல்லார் முன்னாடியும் காட்டிட்ட.”

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நிறுத்தியிருக்கலாம்.

“இனிமே நீ ஆறு மணிப் பூசைக்குப் போ. என்கூட வர வேண்டாம்.”

இதை அவள் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவளுக்கு முழுதும் விளங்கியது.

“சரி” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

அடுத்த ஞாயிறு நான் விழித்தபோது அவள் போய்விட்டிருந்தாள். டீயை டம்ளரில் ஊற்றி, மேலே தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். அவள் திரும்பி வருவாள், நான் புறப்படுவேன். எதிர்ப்பட்டால், “சேலைய நல்லா பின் பண்ணிக்கோ” என்பாள். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுத வேண்டும். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். நான் பத்திக்குப் பத்தி நிமிர்ந்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை. நன்றாக வாசிக்கிறேன் என்று நான்கைந்து பேர் தேடி வந்து சொன்னார்கள்.

மாதங்கள் போயின. வீட்டில் நாங்கள் சண்டைக்காரர்கள்போல இல்லை. ஆனால் நான் சமையலறையிலிருந்து ஏதாவது கேட்டால் பதில் வராது. இன்னும் கோபம் போகவில்லை போலிருக்கிறது என்று நானும் இரண்டாம் முறை கேட்க மாட்டேன். டிவி சத்தத்தை அவள் கூட்டுவாள், நான் குறைப்பேன்.

கோயில் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். “திருவிழாப் பூசைக்கு நீதான் வாசிக்கியா?”

“ஆமா.”

“அப்பம் அதுக்கு நான் வரட்டா?”

என் போனில் வெளிநாட்டிலிருந்து கடிதம் ஒன்று வந்திருந்தது. அனுப்பிய மாதிரியில் காலர் சரியில்லை என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, “பாக்கலாம்” என்றேன்.

“இந்தத் தடவ தப்பாச் சொல்ல மாட்டேன்” என்றாள்.

நான் குனிந்த தலை நிமிரவில்லை.

திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போன இடத்தில் அம்மா விழுந்தாள். கம்பெனி வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். அடக்கப் பூசையில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து மேடைவரை போனேன், ஏற முடியவில்லை. வேறொருவர் வாசித்தார்.

மூன்றாம் நாள், அம்மாவோடு செக்கிங்கில் வேலை பார்த்த ஓர் அக்கா வந்தார். தாராபுரம் பக்கத்துக்காரர். எங்கள் கோயில்தான், ஆனால் ஆறு மணிப் பூசைக்குப் போகிறவர் என்பதால் எனக்கு அதிகம் பழக்கமில்லை. அம்மாவின் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து, பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

“உங்கம்மா பூசையில என்ற பக்கத்துலதானுங் கண்ணு உக்காருவாங்க” என்றார். “என்ற கையப் புடிச்சுக்குவாங்க. வாசகம் முடிஞ்சா ஒரு அமுக்கு அமுக்கோணும், அதான் கணக்கு. அமுக்குனா உடனே ‘இறைவா உமக்கு நன்றி’ன்னு கரெக்டா சொல்லிப்போடுவாங்க.”

எனக்கு விளங்கவில்லை. “எதுக்குக்கா அமுக்கணும்?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “காது கேக்காதே கண்ணு. உனக்குத் தெரியாதா?”

அவரே தொடர்ந்து சொன்னார்.

“தறிக்குடோன்ல இருந்தப்பவே போயிடுச்சாம். பக்கத்துல நின்னு கத்துனா கொஞ்சம் கேக்கும். மத்ததெல்லாம் ஒதட்டப் பாத்துத்தான். கம்பெனில எங்களுக்கெல்லாம் தெரியும். மககிட்ட சொல்லிப்போடுங்கக்கான்னு நானே எத்தனையோ வாட்டி சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க. சொன்னா அவ லீவப் போட்டுட்டு காது மெஷின் வாங்க அலைவா, அவளுக்கு ஆபீஸ்ல பேரு கெட்டுப்போயிரும்னாங்க.”

பிறகு அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “ஆறு மணிப் பூசையில வாசிக்கிற பெரியவரு இருக்காரே, அவரு மீசையில ஒதடே தெரியாது. ‘எம் மவ வாசிச்சா அம்புட்டும் புரியும், அந்த மைக்குதான் மறைக்கி’ன்னு அக்கா சொல்லும். திருவிழாவுக்கு நீயும் எட்டு மணிக்கு வந்து எம் பக்கத்துல உக்காருன்னு என்னையக் கூப்புட்டிருந்தாங்க. நீ கூட்டிட்டுப் போறேன்னு சொல்லீட்டதா சொன்னாங்க கண்ணு.”

நான் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னது ‘பாக்கலாம்’. அதுவும் குனிந்துகொண்டு, போனுக்குள் சொன்னேன். என் உதட்டை அவள் எங்கே பார்த்திருப்பாள்?

சின்ன வயதில் பள்ளி விட்டதும் நேராகத் தறிக்கூடத்துக்குப் போவேன். அங்கே அம்மாவும் அடுத்த தறிக்காரம்மாவும் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். எதையோ சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் வெறும் வாயை அசைத்து, “பசிக்குது” என்பேன். அம்மா தறியைவிட்டு நகராமலே தூக்குவாளி இருக்கும் இடத்தைக் கண்ணால் காட்டுவாள். இது எனக்கு மறந்துபோன விஷயமே அல்ல. கல்லூரியில் தோழிகளிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அப்படியிருந்தும் வீட்டில் எனக்குத் தோன்றவில்லை. படித்தவளுக்குத் தோன்றவில்லை.

முப்பதாம் நாள் பூசையை ஆறு மணிப் பூசையில் வைக்கக் கேட்டுக்கொண்டேன். நானே வாசிப்பதாகவும் சொன்னேன். மேடையில் ஏறியதும் மைக்கின் கழுத்தை வளைத்து, என் நெஞ்சுக்குக் கீழே இறக்கினேன். அந்த அக்கா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார். முதல் பத்தியை முடித்தேன். நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. யாரோ இருமினார்கள். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை, பக்கம் மாறிவிட்டதோ என்று என்னை எட்டிப் பார்த்தார்.

யாரும் தப்பாகச் சொல்லவில்லை.

மீதியை வாசித்தேன். கடைசி வரியைச் சொன்னபோது, அந்த அக்காவின் கை பெஞ்சின் காலியிடத்தை ஒரு முறை அமுக்கியதைப் பார்த்தேன். பழக்கத்தில் செய்தார் என்று நினைக்கிறேன். உடனே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது நான் ஆறு மணிப் பூசைக்குத்தான் போகிறேன். மீசைக்காரப் பெரியவரோடு முறை வைத்து வாசிக்கிறேன். மறைக்கல்வி வகுப்பில் அந்த மூன்று நோட்டையும் திரும்பக் கேட்டேன். இரண்டு பிள்ளைகள் தொலைத்துவிட்டார்கள். அப்பாவைப் பற்றி எழுதியவள் மட்டும் கொண்டுவந்தாள். என் சிவப்பு மையின் மேல் வெள்ளை மை பூசி, சரி என்று போட்டேன். “ஏன் மிஸ் இப்ப?” என்று கேட்டாள். நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தேன்.

ஒவ்வொரு வாரமும் கோயில்பிள்ளை மைக்கை ஏற்றி வைக்கிறார். நான் ஏறியதும் இறக்கிவிடுகிறேன். பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டு மூன்று பேர் சாமியாரிடம் குறை சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் சொன்னார். சரிங்க சாமி என்றேன். அடுத்த வாரமும் இறக்கித்தான் வைத்தேன்.