கறுப்புத் திரைக்காரி பாண்டிமீனா

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லேபிள் கட்டுச் சுமந்து, மிஷினுக்கு மை குழைத்து, இன்று சிவகாசியில் நாலு கலர் ஆப்செட் மிஷினுக்குச் சொந்தக்காரன். பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்குப் பழைய ஆர்டரில் சந்தேகம் என்றால் பலவேசம் என்கிற என்னைத்தான் கேட்பார்கள். பாண்டிமீனா வரும்வரை அப்படித்தான் இருந்தது.

விஸ்வநத்தத்துப் பெண். அம்மா ராக்காயி பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிப் படிக்கவைத்தாள். கம்ப்யூட்டர் படிப்பு முடித்து, பில் போடுவதற்கு என்னிடம் சேர்ந்தாள். அதோடு நின்றிருக்கலாம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மிஷின்மேன் மாரீஸ்வரன் பக்கத்தில் போய் நிற்பாள். என்ன மை, எவ்வளவு கலந்தது, யார் ஓகே சொன்னது, எங்கே கோளாறு வந்தது என்று கேட்டுக் குறிப்புகளாகக் கம்ப்யூட்டரில் போட்டுவிடுவாள்.

யாராவது ஏதாவது கேட்டால் மவுஸைத் தொடமாட்டாள். ஒரு கறுப்புத் திரையைத் திறப்பாள். அதில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. தேடச் சொல்லி ஒரு கட்டளை, பக்கத்தில் கம்பெனிப் பெயர், அவ்வளவுதான் தட்டுவாள். அந்தப் பெயர் வருகிற குறிப்பெல்லாம் வரிவரியாக வந்து விழும்.

"நாலு கலர் அடிக்கிற எடத்துல கறுப்பு வெள்ளையில என்னத்தா வச்சிருக்க?" என்றேன்.

"நீங்க வாங்கிப் போட்ட கம்ப்யூட்டருக்கு இதுதான் தோது, மொதலாளி. மத்ததைத் தொறந்தா தூங்கிருது."

ஒரு சீசன் முடிவதற்குள், போன் செய்பவர்கள் "பாண்டிமீனா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் போன், என் ஆபீஸ். அவளிடம் நீட்டும்போது கை கனத்தது.

தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் சுந்தரபாண்டி, நான் ஒற்றை மிஷின் வைத்திருந்த காலத்திலிருந்து வருகிறவர். சங்குசக்கர லேபிளுக்கு முந்தின சீசனில் அடித்த அதே சிவப்பு வேண்டும் என்று வந்தார். என்னைத் தாண்டிப் போய் அவள் மேஜைமுன் நின்றார். அவள் தட்டினாள், குறிப்பு வந்தது. அதன்படி மாரீஸ்வரன் மை கலந்து ஒரு தாள் அடித்தான். இந்த ஒரு தடவையாவது அந்தத் திரை தோற்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

எங்கள் வழக்கப்படி சுந்தரபாண்டி தாளை வெயிலுக்குக் கொண்டுபோனார்.

"ஏலே மாரி, சிவப்பு வெளிறிக் கெடக்கே."

"குறிப்புல உள்ளபடிதான் கலந்தேன்."

பாண்டிமீனா திரும்பத் தேடினாள். அதே வரிதான் வந்தது. நான் எழுந்துபோய்த் தாளைத் தடவினேன்.

"தாள் யாரு குடுத்தது சுந்தரபாண்டி?"

"நாந்தான். எப்பவும் நம்ம தாளுதான, அண்ணாச்சி?"

"அன்னைக்கு நீரு கொண்டாந்தது பழுப்புத் தாளு. இன்னைக்கு வந்தது பால் வெள்ளை. வெள்ளைத் தாள்ல அந்த மை வெளிறாம என்ன செய்யும்?"

ஆர்டர் தருகிற பார்ட்டியே தாளும் கொடுத்தால் 'தாள் அவர்களுடையது' என்று மட்டும் எழுதுவது எல்லா அச்சகத்திலும் உள்ள பழக்கம். அவளும் அப்படித்தான் போட்டிருந்தாள். பழைய தாளின் பழுப்புக்கு ஈடாகக் கத்தி முனையில் மஞ்சள் மை எடுத்துச் சிவப்போடு நானே குழைத்தேன். அடுத்த தாளை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் அண்ணாச்சி" என்றார் சுந்தரபாண்டி.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எந்த மையை எந்தத் தாள் எப்படிக் குடிக்கும் என்று அத்தனை பேர் முன்னால் விளக்கமாகச் சொன்னேன். பேசி முடித்துத் திரும்பினால், விரல் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கிறாள் பாண்டிமீனா.

"எழுதிட்டியா தாயி? நல்லது. இனிமே அண்ணாச்சியத் தொந்தரவு பண்ண வேணாம்" என்றார் சுந்தரபாண்டி.

அவர் போன பிறகு அவள் மேஜைக்குப் போனேன்.

"எம் பேரு போட்டியா?"

"போட்டிருக்கேன், பாருங்க." என் பெயரைத் தட்டினாள். நாலைந்து வரி வந்து நின்றது.

"மாரி பேரைத் தட்டு."

தட்டினாள். வரிகள் ஓடின, நிற்காமல் ஓடின. நான் மை குழைக்கச் சொல்லிக்கொடுத்தவன் அவன்.

"அவன் பேரு மட்டும் இம்புட்டு எப்படி?"

"மொதலாளி, அவர்தான கேட்டதும் சொல்றாரு. நீங்க 'போம்மா, வேலையப் பாரு'ன்னுதான சொல்வீக?"

நாற்காலியை அவள் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"எழுது. மழைக்காலத்துல தாளு ஈரம் குடிச்சா என்ன செய்யணும்னு சொல்றேன். மாரிக்கு இது தெரியாது. முதல்ல எம் பேரைப் போடு."