எட்டுச் சின்னங்களும் ஒரு பொன்கோடும்

பழம்பொருள் கடைக்கு வாங்க வருபவர்கள் குறைவு, அபிப்பிராயம் சொல்ல வருபவர்கள் அதிகம். ஏதாவதொரு கடைக் கதிரையில் காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் கடை திருகோணமலை உள்துறைமுக வீதியில் இருக்கிறது. கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில் ஒரு பழைய சீனக் கிண்ணம். மஞ்சள் எனாமல் பூசிய பீங்கான். சுற்றிவரப் பௌத்த மங்கலச் சின்னங்கள் எட்டு: சக்கரம், சங்கு, குடை, கொடி, தாமரை, கலசம், இரட்டை மீன், முடிவில்லாத முடிச்சு. விளிம்பில் மெல்லிய பொன்கோடு. பின்னேர வெயில் கடலில் பட்டுத் திரும்பி அதன்மேல் விழும்போது, அலுமாரிக்குள் யாரோ விளக்கேற்றியதுபோல் இருக்கும்.

இது விலைப்பட்டால் கடையைப் பூட்டிவிட்டுக் கனடாவுக்கு வருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். விலைப்படாது என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு.

மீனும் முடிச்சும்

மழைக்கு ஒதுங்கிய சல்லிக் கிராமத்து மீனவர் ஒருவர் கிண்ணத்தை நெடுநேரம் பார்த்தார். வலைபோல் பின்னிய அந்த முடிச்சுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, அதுதான் அதன் தத்துவம் என்று நான் விளக்கினேன். தலையைத் துவட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“முடிச்சுப் போட்டவனை என்ர வள்ளத்திலை ஏத்தமாட்டன், அம்மா. பாருங்கோ, மீன் ரெண்டும் வெளியாலைதான் நிக்குது!”

அதுவும் சீனாதான்

கிண்ணியாவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் வந்தார். கிண்ணத்தை விரலால் தட்டிப் பார்த்தார். நல்ல ஓசை. விலையைக் கேட்டதும் கதிரையை இழுத்து உட்கார்ந்துகொண்டார். வாங்கப் போகிறாரோ? தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகு, என்மேல் உண்மையான இரக்கத்தோடு பேசினார்:

“இந்த விலைக்கு நான் உங்களுக்குக் கடை நிறையக் கிண்ணம் தாரன், அம்மா. கீறல் ஒண்டும் இல்லாம, மூடியோட. அதுவும் சீனாச் சாமான்தான்.”

கொழும்புக்காரர்

மூன்றாவதாக வந்தவர்தான் ஆபத்தானவர். கொழும்பில் பழம்பொருள் சேகரிப்பவர், கையில் பூதக்கண்ணாடி. கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியிலிருந்த சிவப்பு எழுத்துகளைப் பார்த்தார். பேரம் பேசவே இல்லை. பேரம் பேசாத ஆளைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை பெட்டியோடு வருவதாகச் சொன்னார். எனக்கு உதவியாக இருபது வருடமாக இருக்கும் பாக்கியம் விளக்குமாற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்:

“பொன்கோடு மேலாலே பூசினது, மேடம். வெள்ளி வரைக்கும் தண்ணிகூடப் படக்கூடாது.”

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமைகளில் கடையின் பித்தளைக் குத்துவிளக்குகளைப் பாக்கியம் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவாள். அன்று நான் கடைக்கு வந்தபோது, கழுவிக் கவிழ்த்த விளக்குகளின் நடுவே கிண்ணமும் கவிழ்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். பொன்கோடு போய்விட்டது. மீன் ஒன்றுக்குக் கண் இல்லை. பெட்டியோடு வந்த கொழும்புக்காரர் பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்போல் சற்று நின்றுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

“தண்ணிகூடப் படக்கூடாது எண்டு அந்த மனிசன் சொன்னது காதிலை விழேல்லையோ?” என்று கத்தினேன்.

“விழுந்தது. புளியைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்லையே, அக்கா.”

இன்னும் நிறையத் திட்டினேன். அவள் கிண்ணத்தைத் துடைத்து நடுத்தட்டில் வைத்து, அலுமாரியைப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தாள்:

“இப்பிடித் திட்டுறதுக்குக் கனடாவிலை உங்களுக்கு ஆர் இருக்கினம்?”

இத்தனை வருட வியாபாரத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: கொஞ்சம் தேய்ந்துபோன சாமானைத்தான் இருந்த இடத்திலேயே இருக்க விடுகிறார்கள்.