பெஞ்சு இல்லாத மைதானம்

போன வாரம் மகனுக்கு மெழுகுக் கலர் டப்பா ஒன்று வாங்கி வந்தேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. மெழுகுவத்தியும் புதுச் செருப்பும் கலந்த மாதிரி இருக்குமே, அதுதான். அதை முகர்ந்தால் எல்லோருக்கும் ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வருமாம். எனக்கு என் முதல் வேலைதான் ஞாபகம் வருகிறது.

படிப்பு முடித்ததும் காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன வரைபட அலுவலகத்தில் சேர்ந்தேன். நகரத்தைக் குழந்தைகளுக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும், அதையும் குழந்தைகளிடமே கேட்டுத் திட்டம் போட வேண்டும் என்று ஒரு வேலை எங்கள் சாருக்குக் கிடைத்திருந்தது. வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அடையாள அட்டையைப் பஸ்ஸிலேயே எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன், கண்டக்டராவது பார்க்கட்டுமே என்று. அவர் ஒருநாளும் அதைப் பார்க்கவில்லை. சில்லறை இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்.

ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து ஆளுக்கொரு தாளும் கலர் டப்பாக்களும் கொடுத்தோம். மத்தியான சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. ஊரில் எங்கே விளையாடப் பிடிக்கும், வரையுங்கள் என்றேன். எல்லோரும் ஊஞ்சல் வரைந்தார்கள், சறுக்குமரம் வரைந்தார்கள். அந்த வட்டாரத்தில் எந்தத் தெருவிலும் இரண்டுமே கிடையாது. இந்த அக்காவுக்கு இந்தப் பதில்தான் வேண்டும்போல என்று அவர்களாகவே முடிவுசெய்துவிட்டார்கள். பரீட்சை எழுதிப் பழகிய பிள்ளைகள்தானே.

ஏஞ்சல் மட்டும் ஒன்றும் வரையவில்லை. ஆறாம் வகுப்புப் பெண். கலரைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாம்மா, புடிச்ச எடமே இல்லியா?”

“இருக்குதுக்கா. சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“சொன்னா எடுத்துக்குவீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. கொடுக்க வந்த எங்களைப் பார்த்து இப்படிச் சொல்கிறாளே என்று கோபம்கூட வந்தது. அவளை எப்படியும் நம்ப வைக்க வேண்டும் என்று வீம்பு பிடித்துக்கொண்டது. மறுபடி இரண்டு முறை அந்தப் பள்ளிக்குப் போனேன். கடைசியில் சத்தியம் பண்ணச் சொன்னாள். யாரும் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

பள்ளி விட்டதும் ஆசிரியையிடம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிப்போனாள். நெசவாளர்கள் பாவு நீட்டுவதற்கென்று விட்டிருந்த நீளமான வெற்றிடம் அது. தறியில் ஏற்றுவதற்கு முன் நீள இழைகளை இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்து ஆறவிடுவார்கள். எல்லாம் காலை வேலை. வெயில் ஏறியதும் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மண்ணிலேயே கஞ்சி வாசனை ஊறிக் கிடந்தது. எங்கள் வீட்டில் அம்மா நூல் புடவைகளுக்குக் கஞ்சி போடும் நாளில் என் யூனிபார்மையும் அதில் முக்கிவிடுவார்; மறுநாள் நான் விறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். அதை ஏஞ்சலிடம் சொன்னேன், சிரித்தாள்.

“தூணை ஆட்டக் கூடாது, குழி நோண்டக் கூடாது. பாவுக்காரங்க சொன்னது அவ்ளோதான்கா. மீதியெல்லாம் நாங்களே பேசி வச்சிக்கினோம்” என்றாள்.

பாவு கட்டும் கல்தூண்தான் ஸ்டம்ப். பொடிசுகள் ஒப்புக்குச் சப்பாணி, அவுட் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் பெண்பிள்ளைகள் நாள். அன்றைக்குப் பையன்கள் மட்டையோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நகர அமைப்பு பற்றி நான்கு வருடம் படித்த எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“இங்க இன்னா நல்லதுன்னா, ஒக்கார எடமே கெடையாதுக்கா. அதனால பெரியவங்க வர மாட்டாங்க.”

அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். எழுதியதோடு சரி.

அலுவலகத்துக்குத் திரும்பி வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டேன். காப்பாற்றத்தான் போட்டேன். சார் எட்டிப் பார்த்தார்.

“இந்த எடம் நம்ம லிஸ்ட்லயே இல்லியேம்மா! பார்க்குக்கு எடம் கெடைக்காம அலைஞ்சிக்கினு இருந்தோம். சூப்பர்.”

“சார், அங்க பசங்க ஏற்கெனவே...”

“அதாம்மா. பசங்களே காட்டின எடம். வேற இன்னா வேணும்?”

சார் கெட்டவர் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ‘சூப்பர்’ எனக்கு இனித்தது. சத்தியத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பூங்காவின் படத்தையும் நானே வரைந்தேன். மரம் வரைந்தால் அடியில் ஒரு பெஞ்சு வரைவது கைப்பழக்கம். நான்கு மரம் வரைந்தேன்.

தூண்களைப் பிடுங்கினார்கள். பாவுக்காரர்கள் ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு கொட்டகைக்குப் போனார்கள். தரையில் சிமெண்டுக் கல் பதித்து, கம்பிவேலியும் பூட்டுப் போட்ட கேட்டும் வைத்து, பைபர் யானை ஒன்றையும் நிறுத்தினார்கள். பந்து கொண்டுவரக் கூடாது என்று ஒரு பலகை. திறப்பு விழாவில் பிள்ளைகள் பலூனோடு வரிசையில் நின்றார்கள். ஏஞ்சலைப் பார்த்ததும் பந்தல் ஓரமாக நழுவப் பார்த்தேன். அவளே என்னைத் தேடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அக்கா, யாரு காட்டிக் குடுத்ததுன்னு பசங்க தேடிக்கினு இருக்காங்க. நான்தான்னு சொல்லிடாதீங்கக்கா” என்றாள்.

சொல்லவில்லை. இங்கேயும் அவள் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அன்றைய பிள்ளைகள் எல்லோரும் இப்போது வேலைக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். சாயங்காலத்தில் அந்த வழியாகப் போனால் நான்கு பெஞ்சிலும் பெரியவர்கள் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் அங்கே இப்போது மற்ற நாட்களைப் போலத்தான். அந்தத் தெருக்களின் பிள்ளைகள் வேறு எங்கேயாவது ஓர் இடம் பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். நான் யாரையும் கேட்டதில்லை.