எல்லோரும் கொடுத்த நம்பர்

வண்டி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள் என்று லைசன்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவர்கள் பான் கார்டைக் கேட்டார்கள்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி. டிரைவர் வேலை. மேஜையில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். பான் நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்தது. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்குண்ணே."

"நான் லோன் கேட்டு வரலம்மா. வேலை கேட்டு வந்திருக்கேன்."

"தெரியும்ணே. கடையில பணம் வாங்குற வேலையாச்சே. ஸ்கோர் பாக்காம எடுக்கக் கூடாதுன்னு மேல சொல்லியிருக்காங்க. என் கையில ஒண்ணும் இல்ல. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். லைசன்ஸை வெளியே எடுக்கவே இல்லை.

இப்போது வேலை தேடி அலைகிற டிரைவர் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

லைன் வண்டி

பிஸ்கட், சோப்பு ஏஜென்சி ஒன்றில் லைன் வண்டி ஓட்டினேன். லைன் என்றால் நாளுக்கு ஒரு ரோடு. ஒரு நாள் அழகர்கோவில் ரோடு. ஒரு நாள் நாகமலை, கீழக்குயில்குடிப் பக்கம். கடை கடையாகச் சரக்கு இறக்கி, பழைய பில்லுக்குப் பணம் வாங்கி, சாயங்காலம் குடோனில் தாஸ் அண்ணனிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் குடோன் மேனேஜர். முழுப் பெயர் அருள்தாஸ்.

நாங்கள் எல்லோரும் அடிக்கடி சிம் மாற்றுகிறவர்கள். அவர் ஒருத்தர்தான் எத்தனையோ வருஷமாக ஒரே நம்பர் வைத்திருந்தார். எப்போது அடித்தாலும் எடுப்பார். அதனால் குடோனில் யார் லோன் போட்டாலும் ரெபரன்ஸ் என்று அவர் நம்பரைக் கொடுப்போம். என்ன உறவு என்றும் கேட்பார்கள். சொந்தக்காரர் என்று போட்டால்தான் சீக்கிரம் பாஸ் ஆகும் என்று லோன் பிடித்துக் கொடுக்கிற பையன் சொல்வான். நான் மாமா என்று போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. ஒருத்தரும் கேட்டதில்லை. அது எங்கள் குடோன் பழக்கம்.

நான் போட்டது இரண்டு லோன். ஒன்று பைக்குக்கு. ஒன்று என் மனைவி லட்சுமியின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு. சம்பளம் வந்த வரை தவணை தவறியதில்லை.

அப்புறம் வியாபாரம் படுத்தது. பெட்டி எடுத்த கடை அரைப் பெட்டி எடுத்தது. அரைப் பெட்டி எடுத்த கடை ஷட்டரை இறக்கியது. முதலாளி ஏஜென்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடோனைப் பூட்டினார். தவணை பவுன்ஸ் ஆனது. பைக்கைத் தூக்கிப் போனார்கள். போன் ஓயவில்லை. நானும் சிம்மை மாற்றினேன்.

ஆக்டிங்

அடுத்தவர் காரை ஒரு நாள் ஓட்டிக் கொடுப்பதற்கு ஆக்டிங் டிரைவர் என்று பெயர். அதற்குப் போனேன். மந்தத்தில் அதுவும் குறைந்தது. கார் வைத்திருந்தவர்களே ஓட்டிக்கொண்டார்கள். நிரந்தர வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் பான் கார்டு கேட்டார்கள். திரையைப் பார்த்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

லட்சுமி ஒரு ஹாஸ்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனாள். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன உடம்பு. அங்கே அண்டா தூக்க வேண்டும். ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுப்பாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். எனக்கு ஒரு வேலை கிடைத்தால் அவளை நிறுத்திவிடலாம். என் யோசனை முழுக்க அதுதான்.

டீத்தூள் ஏஜென்சி

தெற்கு மாசி வீதியில் ஒரு டீத்தூள் ஏஜென்சிக்கு லைன் டிரைவர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். நடத்துகிறவர் சாந்தா அம்மா. சௌராஷ்டிரக்காரர். கணக்குப்பிள்ளையிடம் அவர்கள் பாஷையில் பேசுவார். எங்களிடம் மதுரைத் தமிழ்.

கேட்கும் முன்னே நானே சொன்னேன். "லோன் நின்னு போச்சும்மா. ஸ்கோர் கம்மிதான்."

"ஸ்கோரு கீரெல்லாம் எனக்கு எதுக்கு? உங்க கூட வேலை பார்த்தவரு நம்பர் குடுங்க. நான் பேசிக்கிறேன்."

தாஸ் அண்ணன் நம்பரைக் கொடுத்தேன். என்னைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் எனக்கு இல்லை.

இரண்டு நாள் கழித்துச் சாந்தா அம்மா கூப்பிட்டார். போனேன். கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"யோவ், என்ன செஞ்சீங்க அந்த மனுசன?" என்றார் சாந்தா அம்மா. "முருகேசனத் தெரியுமான்னுதான் கேட்டேன். அம்புட்டுதான். 'அவன் எனக்குச் சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல, இன்னொரு தடவ போட்டா ஸ்டேஷனுக்குப் போயிருவேன்'னு கத்திட்டு வச்சுட்டாரு. பொம்பள பேசுறான்னுகூடப் பாக்கல."

எனக்கு விளங்கிவிட்டது. "உங்கள லோன் வசூல் ஆளுன்னு நெனச்சுட்டாரும்மா. அங்கயும் அவரு நம்பரைத்தான் குடுத்திருக்கேன்."

"நல்லா குடுத்தீங்க. வெள்ளிக்கிழம எனக்கு வண்டி கெளம்பணும். நாளைக்கு வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல இன்னொருத்தர் இருக்காரு."

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். என் புது நம்பர் அவருக்குத் தெரியாது. எடுக்கவில்லை.

ஞானஒளிவுபுரம்

அண்ணன் வீடு ஞானஒளிவுபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால். குடோன் பூட்டியதில் இருந்து நான் அவரைப் பார்க்கவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு தடவை அவர் ஸ்கூட்டரைக் கண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறேன்.

கதவு திறந்திருந்தது. ஜன்னலில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள," என்றார்.

என்னை முருகேசா என்றுதான் கூப்பிடுவார். நான் நின்றேன்.

"என்ன முழிக்கிற? நான் ஒனக்கு மாமாவாம்ல. போன்ல சொல்றாய்ங்க. கண்ணனுக்கு அண்ணன். இஸ்மாயிலுக்கு பெரியத்தா. அந்தச் செல்வம் இருக்கானே, அவனுக்கு நான் அப்பனாம். எனக்கும் அவனுக்கும் நாலு வயசுதான்டா வித்தியாசம்."

"அண்ணே..."

"ஒரே குடோன்ல இம்புட்டுப் பேருக்குச் சொந்தக்காரனா இருந்திருக்கேன். ஒரு பயலும் ஒரு விசேஷத்துக்குச் சொல்லல."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். லட்சுமி ஹாஸ்டலுக்குப் போவதையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தம்மாவா அது? நான் அவங்களைப் போயி..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ ஏன்டா முன்னாடியே வரல?"

"எந்த மூஞ்சியோட வாரதுண்ணே."

"இருக்குற மூஞ்சியோடதான். இன்னார் நம்பர் இதுதான், இன்ன வேலைக்குக் கேப்பாங்கன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்ல. கடன் வாங்குனதுக்கா நான் கோவிச்சேன்? எனக்குத் தெரியாம என்னைய மாமாவாக்குனதுக்குக்கூடக் கோவிக்கல. நின்னு போச்சுண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லலைல்ல, அதுக்குத்தான்."

"இப்ப போன் போட்டுச் சொல்றீங்களாண்ணே?"

"திட்டுன அதே கொரல்ல சிபாரிசா? காலைல வா. நேர்ல போவோம்."

தெற்கு மாசி வீதி

மறுநாள் ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். "டிரைவர் நீதான்," என்றார்.

கடையில் சாந்தா அம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா உட்காரச் சொல்லிவிட்டு நேராகக் கேட்டார்.

"இவரு மேல கடன் இருக்குன்னு தெரியும்ல?"

"எனக்குத் தெரியாமயா? தெனமும் போன் பண்ணிச் சொல்றாங்களே."

கணக்குப்பிள்ளை இந்தத் தடவை சிரித்தார்.

"பணத்துல எப்படி?"

"பணத்துல எல்லாரும் பயப்படுவாங்கம்மா. எண்ணிப் பாத்துருவோம்ல. டேமேஜ்ல பாக்கணும்," என்றார் அண்ணன். "எலி கடிச்சது, நனைஞ்சதுன்னு கடைக்காரங்க திருப்பிக் குடுப்பாங்க. நல்ல பாக்கெட்டையும் அதோட சேத்துக் காட்டிட்டு வெளிய வித்துருவாங்க சில டிரைவருங்க. யாரு எண்ணுவா? இவன் கொண்டு வாரது அம்புட்டும் நெசமாவே எலி கடிச்சதா இருக்கும். இதுனாலயே மத்த டிரைவர்களுக்கு இவனைக் கண்டா ஆகாது."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் அடித்தது. நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுத்தார்.

"யாரு, செல்வமா? ஆமா சார், அவன் அப்பாதான் பேசுறேன். பய வேலை தேடிக்கிட்டு இருக்கான். ஏமாத்துறவன் இல்ல. கெடச்சதும் கட்டிருவான். வச்சிரவா?"

சாந்தா அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"மூணு மாசத்துக்குப் பணத்தை சேல்ஸ்மேன் வாங்கட்டும். நீங்க வண்டி மட்டும் ஓட்டுங்க. அதுக்கப்புறம் பாப்போம். சம்மதமா?"

முன்னே நான் தனியாகப் பணம் வாங்கிய அதே ரோடுகள்தான். கொஞ்சம் வலித்தது. சம்மதம் என்றேன். வெள்ளிக்கிழமை வண்டி எடுத்தேன். அந்த வாரமே லட்சுமி ஹாஸ்டலுக்குப் போவதை நிறுத்தினாள்.

கடைசியாக

முதல் சம்பளம் வந்ததும் லோன் ஆபீஸுக்கு நானே போனேன். தவணையைச் சின்னதாக்கிக் கொடுத்தார்கள். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்கோர் ஏறுகிறதா என்று பார்க்கத் தெரியாது. பணப்பை இப்போது என்னிடம் இருக்கிறது. டேமேஜைச் சாந்தா அம்மா ஒவ்வொரு பாக்கெட்டாகப் பிரித்துப் பார்ப்பார். பார்க்கட்டும்.

தம்பிகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கடன் நின்றால் ஒளியாதீர்கள். யார் நம்பரைக் கொடுத்தீர்களோ அவர் வீட்டுக்கு முதலில் போங்கள். போன் போவதற்கு முன்னால் நீங்கள் போக வேண்டும். கடனுக்கு ஜாமீனும் அவர்தான், வேலைக்குச் சாட்சியும் அவர்தான். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு ஆள் கிடையாது.

எங்கள் ஏஜென்சியில் இப்போது லோன் போடுகிறவர்கள் என் நம்பரைக் கேட்கிறார்கள். கொடுக்கிறேன். உறவு என்ன போடட்டும் என்றால், கூட வேலை பார்க்கிறவர் என்று போடச் சொல்கிறேன். புது நம்பரில் போன் வந்தாலும் எடுக்கிறேன்.