இருபது இருமல்

நாடக அரங்கத்தின் ஊழியர் பதிவேட்டில் அவரைப் பற்றி இரண்டே வரிகள்: "வாயிற்பணியாளர், தற்காலிகம். ஓசையின்றிக் கதவைத் திறந்து மூடத் தெரிந்தால் போதும்." தற்காலிகம் தொடங்கிப் பதினாறு வருடமாகிறது. எந்த நாடகம் ஓடும், எது சுருண்டு படுக்கும் என்று மானேஜர் முதலில் கேட்பது 'கதவக்கா' என்று அரங்கமே அழைக்கும் இவரைத்தான்.

கதவை ஒட்டி, மேடைக்கு முதுகைக் காட்டியபடி அவருடைய முக்காலி. மடியில் நீள நோட்டு. இருட்டில் யார் இருமினாலும் ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே விழும். தும்மல் சேர்த்தியில்லை. "தும்மல் மூக்கு சமாச்சாரம். இருமல்தான் சலிப்புல வரும்."

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் குறித்துப் பார்த்திருக்கிறார்: நடிகரின் புகழ், மழை, சுவரொட்டியின் நிறம். "எதுவும் வசூலோட ஒட்டல. இருமல்தான் ஒட்டிச்சு. நல்ல நாடகத்துல ஜலதோஷக்காரனுக்கும் தொண்டை சரியாயிடும்." இருநூற்றுச் சொச்சம் நாடகங்களில் அவர் கண்ட எல்லை இருபது. ஒரே ஆட்டத்தில் அதைத் தாண்டிய எதுவும் மூன்றாவது வாரத்தைப் பார்த்ததில்லை, ஒன்பது நாடகங்கள் நீங்கலாக. அந்த ஒன்பதும் சிவப்பு மையில் இருக்கின்றன. "நமக்குச் சாதகமா இல்லேன்னு மறைக்கலாமா?"

இத்தனைக்கும் ஒரு நாடகத்தையும் அவர் பார்த்ததில்லை. பார்த்தால் எண்ணிக்கை தப்புமாம்.

சென்ற வாரம் அவருடைய அக்காள் கணவரின் நாடகம். முப்பது வருடம் கடிதம் கொண்டுவருபவராகவும் பிணமாகவும் நடித்த மனிதர், முதன்முறையாகத் தானே எழுதி, தானே நாயகனாக நின்றார். நடுவில் தனியாக ஒன்பது நிமிடம் பேசினார். வெள்ளிக்கிழமைக் கணக்கு: இருபத்து நான்கு.

"ஞாயித்துக்கிழமை மதியமும் இருபதைத் தாண்டினா நிறுத்திடுவோம்க்கா" என்றார் மானேஜர்.

கதவக்காவுக்கு அந்த வெள்ளிக்கிழமை கடும் சளி. இருபத்து நான்கில் ஐந்து அவருடையவை. அவற்றையும் கோடு போட்டிருந்தார்.

"ஏம்மா, உன் அஞ்சைக் கழிச்சுடேன். பத்தொம்போதுதானே?" என்று கெஞ்சினார் நாயகன்.

"ஏன் கழிக்கணும் அத்தான்? நானும் ஒரு ஆளுதானே. நல்லா இருந்திருந்தா எனக்கு வந்திருக்குமா?"

"நீ திரும்பிக்கூடப் பார்க்கலையே!"

"காது எந்தப் பக்கம் இருந்தா என்ன? அந்த ஒம்போது நிமிஷத்தைப் பாதியாக்குங்க."

"அதைப் பேசத்தான் முப்பது வருஷம் பொணமாப் படுத்திருந்தேன்."

கதவக்கா, அத்தானின் சட்டையில் ஒரு பொத்தான் தொங்குவதைப் பார்த்துவிட்டு, ஊசி நூல் எடுக்கப் போனார்.

ஞாயிறு மதியம், இதை எழுதும் நான் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். சளி இறங்கியிருக்கவில்லை. அந்த ஒன்பது நிமிடத்தில் ஒரு வார்த்தையும் குறையவில்லை. சபையும், வெள்ளிக்கிழமைச் சபையிடம் கேட்டுக்கொண்டு வந்ததுபோல், அதே அளவுக்கு இருமியது. கதவக்கா முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டார். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டியது. கை மட்டும் கோடு தவறவில்லை.

திரை விழுந்தது. பத்தொன்பது. மானேஜர் நோட்டைப் பார்த்து, அடுத்த வாரத்துக்கு டிக்கெட் கொடுக்கச் சொன்னார்.

கதவக்கா கடைசி ஆள் வெளியேறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தெருவுக்குப் போய், விளக்குக் கம்பத்தில் கையூன்றி, இரண்டு மணி நேரமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் இருமித் தீர்த்தார்.