கும்மிடிப்பூண்டியில் மூன்று கான்கிரீட் கட்டிகளை உடைத்த காலை

மீஞ்சூரில் நாங்கள் கட்டும் வீட்டுக்குப் பத்துத் தூண்கள் எழும்பி நின்றன. அவற்றை இடிக்க வேண்டுமா, விடலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் போன சனிக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போனோம்.

எங்கள் மேஸ்திரி பழவேற்காட்டுக்காரர், முஸ்தபா பாய். சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து, வள்ளூர் மின்நிலையச் சாம்பலைச் சேர்த்தார். ஜல்லியில் ஐந்தில் ஒரு பங்கு, இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டை உடைத்து எடுத்தது. என் மனைவி செல்விக்கு அன்றே பிடிக்கவில்லை. "சாம்பல்ல பாத்திரம் வெளக்கலாம், ஊடு கட்டலாமா?" என்றாள். ஏழாம் நாள் சோதனையில், அதே கலவையில் வார்த்த மாதிரிக் கட்டி 34 டன்னிலேயே நொறுங்கியதும் எனக்கும் தூக்கம் போயிற்று. "சாம்பக் கலவை மெதுவாத்தான் இறுகும், இருபத்தெட்டு நாள் பொறுங்க சார்" என்றார் பாய். பொறுத்தோம்.

காலை 8.10க்கு மீஞ்சூரில் மின்ரயில், ஆளுக்குப் பத்து ரூபாய். பொன்னேரி தாண்டியதும் ஜன்னலோர இடம் கிடைத்தது. 8.45க்கு இறங்கி, நிலைய வாசலிலேயே நாஷ்டா; இருவருக்கும் 90 ரூபாய். செல்வி ஒரு இட்லியோடு நிறுத்திக்கொண்டாள். தொழிற்பேட்டைக்கு மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது. "கம்பெனில வேலையா நைனா?" என்று கேட்டார் ஓட்டுநர். கல் உடைக்கப் போகிறோம் என்றேன். திரும்பி ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்!

சோதனைக்கூடத்தில் ரெஜினா என்ற பெண் எங்கள் கட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தார். "ஒண்ணொண்ணும் அம்பத்தேழு டன்னுக்கு மேல தாங்கணுங்க்கா."

முதல் கட்டி இயந்திரத்துக்குள் போனது. எண் ஏறியது. நாற்பது, ஐம்பது. செல்வி என் முழங்கையைப் பிடித்தாள். அறுபது. டப்பென்று வெடித்தபோது 69.

"இன்னாங்க, பாஸா?" என்று என்னை உலுக்கினாள். நான் ரெஜினாவைப் பார்த்தேன்.

"சூப்பர் பாஸ்க்கா! நாலு பக்கமும் சமமா பேந்து உடுக்கை மாதிரி நிக்குது பாருங்க. இதான் நல்ல உடைப்பு. அடுத்தத நீங்களே ஓட்டறீங்களா?"

செல்வி பச்சைப் பொத்தானை அழுத்தினாள். 67. மூன்றாவதையும் அவள்தான் உடைத்தாள்: 72! ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வர. ஒரு பொருள் உடைந்ததற்காக நாங்கள் இவ்வளவு மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.

நீங்களும் போவதானால் முன்கூட்டியே போனில் நேரம் கேளுங்கள். மூடிய காலணி கட்டாயம். சாம்பல் கலந்த கான்கிரீட் என்றால் ஏழாம் நாளே பயந்துவிடாதீர்கள். தூண் இறுகும் நாட்களில் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சனிக்கிழமை மதியத்தோடு கூடம் மூடிவிடும்.

12.20 ரயிலில் ஏறியதும் செல்வி என் போனைப் பிடுங்கினாள்.

"பாய், மேல் தளத்துக்கும் அதே கலவைதான். எப்போ போட்றீங்கோ?"