சீர்த்தட்டில் ஒரு மூசாங்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணி. ஜொகூர் பாலத்தின் நடுவில் நிற்கிறோம். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு வேன், இரண்டு பக்கமும் கடல்... அப்போதுதான் என் காரின் பின்சீட்டில் யாரோ வாழைப்பழம் தின்னும் சத்தம் கேட்டது.

காரில் இருந்தது இரண்டே பேர். நானும் என் மனைவி சுமதியும். இரண்டு பேருமே முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம்!

இருங்கள், முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை கலா சிங்கப்பூரில் வாக்கப்பட்டவள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு அன்றைக்குக் காதுகுத்து. முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கலாவுக்கு நான் ஒரே அண்ணன். எனக்குப் பதிலாக அனுப்பிவைக்க வேறு ஆள் கிடையாது.

நாங்கள் இருப்பது மலேசியப் பக்கம், பண்டார் தெங்காராவில். அங்கிருந்து சிங்கப்பூர் போக வேண்டுமென்றால், தூரம் பெரிதில்லை. பாலம்தான் பெரிது. அரை மணியிலும் கடக்கலாம், மூன்று மணி நேரமும் நிற்கலாம். அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சீர் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டுகிறவர்கள் தட்டுகளை முந்தின நாள் சாயங்காலமே காரில் ஏற்றிவிடுவார்கள். விடிந்ததும் சாவியைத் திருப்பினால் போதும்.

நானும் ஏற்றினேன். ஏழு தட்டு. பட்டுப்பாவாடை, வளையல், தேங்காய், இனிப்பு, பூ, வெற்றிலை பாக்கு, கடைசியாகப் பழம். பழத்தட்டில் வாழைப்பழத்தோடு பலாச்சுளையும் இருந்தது. மூடின காரில் ராத்திரி முழுக்கப் பலா வாசம் அடைந்தால் காலையில் சுமதிக்குத் தலைவலி வரும் என்று, பின்கதவுக் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி வைத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். மதில்மேல் ஒரு தாய் மூசாங் குட்டியோடு நடைபழகுவதை இந்த வாரப் பத்திரிகைப் பத்தியில் முன்பு நானே எழுதியிருக்கிறேன். மூசாங் என்றால் நம் மரநாய்தான்... பழமென்றால் உயிரை விடும். இத்தனையும் தெரிந்த ஒரு மனிதன் கண்ணாடியை இறக்கி வைக்கலாமா? வைத்தேனே!

காலையில் புறப்படும்போது வழக்கமான சோதனை நடந்தது. பாஸ்போர்ட் இருக்கிறதா, சூயிங்கம் இல்லையா, போன வாரம் என் மச்சான் ஏறியபோது சிகரெட் எதையும் விட்டுவைக்கவில்லையா... சுமதியின் கைப்பையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தேன். இறக்கியிருந்த பின்கண்ணாடியையும் ஏற்றினேன், பின்சீட்டுத் தட்டுகளைப் பார்க்கவில்லை. சீர்த்தட்டில் என்ன இருக்கப்போகிறது?

பாலத்தின் நடுவில் சுமதிதான் முதலில் கேட்டாள்.

"என்னங்க... அந்தப் பாவாடத் தட்டு ஏன் ஆடுது?"

"காடி ஆடுது, தட்டும் ஆடுது."

"காடி நிக்குதுங்க."

திரும்பிப் பார்த்தேன். பாவாடைத் தட்டின் மேல், கையில் ஒரு வாழைப்பழத்தோடு, முழங்கை நீளத்துக்கு ஒரு மூசாங் குட்டி. முகத்தில் கறுப்புப் பட்டை. இரண்டு பெரிய கண்கள். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். முதல் வினாடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், இவ்வளவு கிட்டத்தில் நான் அதுவரை பார்த்ததே இல்லை.

இரண்டாவது வினாடியில்தான் உறைத்தது. நாங்கள் போய்க்கொண்டிருப்பது சிங்கப்பூருக்கு. அனுமதியில்லாமல் ஒரு காட்டு ஜீவனைக் காரில் வைத்துக்கொண்டு!

சுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் பல்லி விழுந்தால் அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறவள். என் விலங்குப் பித்தை இத்தனை வருடம் சகித்துக்கொண்டதே பெரிய விஷயம். அவள் கத்தவில்லை. கதவுக் கைப்பிடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஜன்னல தொறந்து விடுங்க. அது பாட்டுக்குப் போயிரும்."

"எங்க போவும்? இங்கிட்டு பஸ்ஸு, அங்கிட்டு கடலு. இறங்குன அடுத்த நிமிசம் அடிபட்ருமே."

அந்த நேரம் பார்த்து போன். கலா!

"அண்ணே, எங்க இருக்கீங்க? பாலத்துல ஜேமா?"

"ஜேம்தான்லா. வந்துருவோம்."

"வந்துருங்கண்ணே. எங்க மாமியார் அவங்க தம்பி மடியில உக்கார வச்சிரலாம்னு இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க. எங்க அண்ணன் மடிதான்னு சொல்லிட்டேன்."

போனை வைத்தேன். ஏர்கான் காற்றிலும் சட்டை முதுகில் ஒட்டியது. சொன்னால் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், முகூர்த்தம் போச்சு. சொல்லாமல் மாட்டினால் அபராதமா, கோர்ட்டா, காரையே பிடித்து வைப்பார்களா? மாட்டாமல் தப்பித்தால்தான் என்ன... அந்த ஊரில் இதை எங்கே கொண்டுபோய் விடுவது?

கார் நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் நான் ஒரு முடிவெடுத்தேன், அடுத்த நிறுத்தத்தில் அதை மாற்றினேன். பின்னால் குட்டி ஒரு சீப்புப் பழத்தை முடித்துவிட்டு, பகல் தூக்கத்துக்குத் தயாராகி, பட்டுப்பாவாடையின் மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

மெல்லக் கையை நீட்டி, சுமதியின் துப்பட்டாவை எடுத்துத் தட்டின் மேல் போர்த்தினேன்.

"நீ ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்கிறேன்."

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

எட்டேகாலுக்கு எங்கள் முறை வந்தது. இளவயது அதிகாரி. பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார், அறிவிக்க வேண்டிய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று.

"நத்திங், ஆபீசர்," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? நாக்கு தடுக்கவே இல்லை. பத்து வருடமாக வாராவாரம் ஜீவகாருண்யம் எழுதுகிறவன் நான்.

சுமதி என் தோளைத் தாண்டிக் குனிந்தாள்.

"ஆபீசர்... காட் ஒன் மூசாங். பிஹைண்ட்."

அதிகாரி பின்சீட்டைப் பார்த்தார். நான் சுமதியைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

காரை ஓரம் கட்டச் சொன்னார்கள். மூத்த அதிகாரி ஒருவர் வந்து துப்பட்டாவின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கீழே விட்டார். என்னிடம் நாலு கேள்வி கேட்டார். கண்ணாடி, பலாப்பழம், நாலு விரல்... எல்லாம் சொன்னேன். சோதனைக்கு முன்பே மனைவி சொல்லிவிட்டதால் திருப்பி அனுப்புவதோடு விடுகிறேன் என்றார். கார் உள்ளே வரக் கூடாது. ஆள் வரலாம், நடந்து போய் பஸ் எடுத்துக்கொள்ளலாம்.

கார் வீட்டுக்குத் திரும்பி, மறுபடி பாலம் ஏறி... பன்னிரண்டானாலும் வந்து சேர முடியாது. கண்ணில் நீர் முட்டிவிட்டது எனக்கு.

"நீங்க போங்க," என்றாள் சுமதி. "நான் ஓட்டிட்டுப் போறேன்."

"நீயா? பாசாருக்கு மேல நீ ஓட்டுனதே இல்லையே. அது முழிச்சிக்கிட்டா?"

அவள் கைப்பையிலிருந்து குழந்தையின் தோட்டுப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஏன் சுமதி சொன்ன?"

"அதோட அம்மா நம்ம மதில்லதானேங்க நிக்கும்? இங்க விட்டா, அது யாரக் கேட்டு வீட்டுக்கு வரும்?"

இறங்கி அந்தப் பக்கம் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சீட்டை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்யும்போது அவள் அதைப் பின்சீட்டுப் பக்கம் திருப்பி, உடனே வேறு பக்கம் மாற்றியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், வளையல் தட்டையும் இனிப்புத் தட்டையும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கோயிலுக்குப் பத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டேன். கலா ஓடிவந்தாள்.

"அண்ணி எங்கண்ணே? பாவாட எங்க?"

"பின்னால வருது," என்றேன். எது வருகிறது என்று அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நாதஸ்வரமும் கேட்கவில்லை, மந்திரமும் கேட்கவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன். ஓட்டுகிறவளுக்கு அடிக்கவும் பயம், அடிக்காமல் இருக்கவும் பயம். பாலத்தில் மாட்டிக்கொண்டாளா? ஹைவேயில் அது பாய்ந்துவிட்டதா? அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டாளா? என் மனம் இருக்கிறதே, அது நல்லதாக ஒன்றைக்கூட நினைத்துத் தொலைக்காது.

பத்தே முக்கால். குழந்தை என் மடியில். மொட்டை போட்ட தலையில் சந்தனம். நகைப் பத்தர் காதில் பொட்டு வைத்து, கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். போன் அடித்தது.

எடுத்தேன். பெரியவர்கள் முறைத்தார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்!

"என்னங்க... வீட்டுக்கு வந்துட்டேன்."

"அது?"

"செனாய் ஊருகிட்ட வரும்போது முழிச்சிக்கிச்சு. அலமாக், முன்சீட்டுக்கே வந்துருச்சுங்க! உங்க சீட்டுல உக்காந்துக்கிச்சு. ஹைவேல எங்க நிறுத்துறது? திரும்பியே பாக்காம ஓட்டுனேன்."

"அப்புறம்?"

"வாசல்ல வந்து ஜன்னலெல்லாம் எறக்குனேன். ரொம்ப நேரம் போகவே இல்ல. பழத்தக் காட்டுனேன், போகல. அப்புறம் மதிலு மேல அதோட அம்மா வந்து நின்னுச்சு... ஒரே தாவு. போயிருச்சு."

"நீ எங்க இருக்க?"

"காடியிலதான். எறங்க முடியலங்க. கை ஸ்டியரிங்க விட மாட்டேங்குது."

பத்தர் கம்பியை இறக்கினார். குழந்தை வீறிட்டது. நானும் அழுதுவிட்டேன். லேசாக இல்லை, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி. துடைக்கத் துடைக்க வந்தது.

"பாத்தீங்களா... தாய்மாமன் பாசம்னா இதுதான்!" என்று கலாவின் மாமியாரே தம்பியிடம் சொல்லி நெகிழ்ந்து போனார்.

நான் மறுக்கவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... அந்தக் கண்ணீர் பண்டார் தெங்காராவில், எங்கள் வீட்டு வாசலில் நின்ற காருக்குப் போய்ச் சேர வேண்டியது.